தம் எவ்வளவு இருக்கிறது? விஓ2 மேக்ஸை ஏற்காட்டுச் சாலையில் அளந்து பார்க்கும் வழிகாட்டி

போன மார்ச்சில் முழு உடல் பரிசோதனைக்குப் போயிருந்தேன். நெஞ்சு நிறைய ஒயர் ஒட்டி, கையில் பிபி பட்டையைச் சுற்றி டிரெட்மில்லில் ஏற்றினார்கள். டிஎம்டி என்கிற டிரெட்மில் பரிசோதனை. ஏழரை நிமிடத்தில் நாக்குத் தள்ளிவிட்டது. "டிஎம்டி நெகட்டிவ் சார், கவலைப்படாதீங்க" என்று ஃபைலைக் கையில் கொடுத்தார்கள். நெகட்டிவ் என்றால் நல்லது, அது புரிந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில் '8.4 மெட்ஸ்' என்று ஒரு வரி இருந்தது. அது என்ன என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஃபைல் பீரோவுக்குப் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து மச்சினன் புது வாட்சோடு வீட்டுக்கு வந்தான். "விஓ2 மேக்ஸ் 44 காட்டுது மாமா. உங்களுக்கு எவ்வளவு?" என்றான். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில்தான் படிக்க ஆரம்பித்தேன். படித்தபோது தெரிந்தது, அவன் கேட்ட கேள்விக்கான பதில் ஏற்கெனவே என் பீரோவில் கிடக்கிறது.

அது எதன் அளவு

நம் பேச்சில் 'தம்' என்று ஒரு சொல் உண்டு. "அவனுக்குத் தம் ஜாஸ்தி" என்போம். அதற்கு ஓர் எண் கொடுத்தால் கிட்டத்தட்ட அதுதான் விஓ2 மேக்ஸ். உடல் தன்னால் முடிந்த உச்சத்தில் உழைக்கும்போது, ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதைக் கணக்கிட்டு, அதை உடல் எடையால் வகுக்கிறார்கள். 40 என்றால் ஒவ்வொரு கிலோ எடைக்கும் நிமிடத்துக்கு 40 மி.லி.

இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறோம் என்ற கணக்கல்ல இது. இழுத்ததில் தசைகள் எவ்வளவை எரித்தன என்பதே கணக்கு. நலமான ஆளுக்கு நுரையீரல் பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. தடை இதயத்தில்தான். 70 கிலோ எடையுள்ள, பயிற்சி இல்லாத இளைஞரை எடுத்துக்கொள்வோம். ஓய்வில் அவர் இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் தள்ளும், உச்சத்தில் சுமார் 20 லிட்டர். ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் தசைகள் 150 மி.லி. அளவுக்கு ஆக்சிஜனை உறிஞ்சுகின்றன. 20ஐ 150ஆல் பெருக்கினால் 3,000. அதை 70ஆல் வகுத்தால் ஏறத்தாழ 43. உலகத் தரத்து நெடுந்தூர வீரரின் இதயம் உச்சத்தில் 35 லிட்டருக்கு மேலும் தள்ளும். நாடித்துடிப்பின் உச்சம் நமக்கும் அவருக்கும் பெரிதாக வேறுபடாது. ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு ரத்தம் வெளியேறுகிறது என்பதில்தான் வித்தியாசம். பயிற்சி முதலில் மாற்றுவதும் அதைத்தான்.

இதை முதலில் அளந்தவர்களில் முக்கியமானவர் ஏ.வி. ஹில். தசைகள் பற்றிய ஆய்வுக்காக 1922ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். அவரும் லுப்டன் என்பவரும் 1923இல் எழுதிய கட்டுரையில்தான் இந்தக் கருத்து தெளிவாக வந்தது. முதுகில் பெரிய பையைக் கட்டிக்கொண்டு, விட்ட மூச்சை அதில் பிடித்தபடி புல்தரையைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறார்கள். வேகத்தைக் கூட்டக் கூட்ட ஆக்சிஜன் செலவும் கூடியது. ஒரு கட்டத்துக்குப் பிறகு வேகம் கூடியும் ஆக்சிஜன் கூடவில்லை. அந்தக் கூரைதான் மேக்ஸ்.

முதல் வேலை: பீரோவைத் திறங்கள்

டிஎம்டி எடுத்திருந்தால் அறிக்கையில் 'மெட்ஸ்' என்ற எண் இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் ஆக்சிஜன் செலவு ஒரு மெட். அது கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மி.லி. ஆகவே அந்த எண்ணை 3.5ஆல் பெருக்கினால் உங்கள் விஓ2 மேக்ஸின் தோராயமான மதிப்பு வந்துவிடும். என்னுடையது 8.4 பெருக்கல் 3.5, அதாவது 29.4.

மச்சினன் 44, நான் 29. அவனுக்கு வயது 34, எனக்கு 52 என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் அந்த 29.4ஐயும் அப்படியே நம்பிவிட முடியாது. பெரும்பாலான இடங்களில் புரூஸ் முறையில்தான் டிஎம்டி செய்கிறார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் சரிவும் கூடும். எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தீர்கள் என்பதை வைத்து இயந்திரம் மெட்ஸைக் கணக்கிடுகிறது, உங்கள் மூச்சை அது அளப்பதில்லை. கைப்பிடியில் சாய்ந்துகொண்டு நடந்தால் உடல் எடையின் ஒரு பங்கைக் கம்பி சுமக்கும், நேரம் நீளும், எண்ணும் உயரும். நான் கடைசி இரண்டு நிமிடம் கம்பியைக் குரங்குக்குட்டி மாதிரி பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போ என் உண்மையான எண் 29ஐ விடக் குறைவாகவே இருக்கலாம்.

முகமூடி மாட்டி மூச்சை நேரடியாக அளக்கும் பரிசோதனைதான் அசல். அறுவைச் சிகிச்சைக்கு முன்போ, காரணம் தெரியாத மூச்சிரைப்புக்கோ டாக்டர் அதை எழுதிக்கொடுப்பதுண்டு. ஆர்வத்துக்காக அதற்குச் செலவு செய்ய வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது: சேலம் காந்தி ஸ்டேடியத்தில் நாலு சுற்று

டிஎம்டி எடுக்காதவர்களுக்கும் எடுத்தவர்களுக்கும் பொருந்தும் எளிய வழி, ஒரு மைல் நடை. ராக்போர்ட் சோதனை என்பார்கள், 1987இல் வெளியானது. ஓடக் கூடாது, முடிந்தவரை வேகமாக நடக்க வேண்டும். 400 மீட்டர் ஓடுபாதையில் நாலு சுற்றும் அப்புறம் ஒன்பது மீட்டரும் சேர்ந்தால் 1,609 மீட்டர், அதாவது ஒரு மைல். முடித்த கணமே, நின்று பேசாமல், கழுத்திலோ மணிக்கட்டிலோ 15 விநாடி நாடியை எண்ணி நாலால் பெருக்குங்கள். அரை நிமிடம் தாமதித்தால் நாடி இறங்கிவிடும், கணக்கில் நீங்கள் பெரிய வீரராகிவிடுவீர்கள்.

கணக்கு இப்படி: 132.853இல் தொடங்குங்கள். கிலோவில் எடையை 0.1695ஆல் பெருக்கிக் கழியுங்கள். வயதை 0.3877ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 6.315 கூட்டுங்கள், பெண் என்றால் கூட்ட வேண்டாம். நிமிடத்தில் நேரத்தை 3.2649ஆல் பெருக்கிக் கழியுங்கள். நாடியை 0.1565ஆல் பெருக்கிக் கழியுங்கள்.

என் கணக்கு: எடை 74, வயது 52, நேரம் 16 நிமிடம் 30 விநாடி, அதாவது 16.5, நாடி 132. விடை 31.9. டிஎம்டி சொன்னதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கின் வழக்கமான பிழையே ஐந்து புள்ளி. 31.9 என்று வந்தால் உண்மை 27ஆகவும் இருக்கலாம், 37ஆகவும் இருக்கலாம். தசமப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீர்கள். இன்னொன்று, பிபிக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி அதிகம் ஏறாது. அவர்களுக்கு இந்தக் கணக்கும் பொய் சொல்லும், வாட்சும் பொய் சொல்லும்.

ஓடிப் பழகியவர்கள் கூப்பர் சோதனை செய்யலாம். அமெரிக்க விமானப்படை மருத்துவராக இருந்த கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்டது. 12 நிமிடத்தில் எத்தனை மீட்டர் ஓடுகிறீர்களோ, அதில் 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுத்தால் போதும். 2,000 மீட்டருக்கு 33, 2,400 மீட்டருக்கு 42. வருடக்கணக்கில் ஓடாதவர் எடுத்த எடுப்பில் இதைச் செய்ய வேண்டாம்.

வாட்ச் சொல்வது

வாட்ச் ஆக்சிஜனை அளப்பதில்லை. நீங்கள் போகும் வேகத்தையும் நாடியையும் பார்த்து, 'இந்த வேகத்துக்கு இந்த நாடி என்றால் உச்சத்தில் இவ்வளவு வரலாம்' என்று ஊகிக்கிறது. நாடி வேறு காரணத்தால் ஏறினாலும் அது தெரியாமல் உங்கள் தலையில்தான் கட்டும். சேலத்து ஏப்ரலில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் போகிறது, அதே வேகத்துக்கு நாடி கூடுதலாக அடிக்கிறது. மச்சினனின் 44 ஏப்ரல் கடைசியில் 41 ஆனபோது, தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தே போனான். வெயில்தான். இரவு தூக்கமின்மை, காய்ச்சல், பட்டை தளர்வாகக் கட்டியிருப்பது, எல்லாமே எண்ணை அசைக்கும்.

ஆகவே அவன் 44க்கும் என் 31.9க்கும் முடிச்சுப் போட வழியில்லை. வேறு கருவி, வேறு கணக்கு. ஒரே ஆள், ஒரே முறை, ஒரே இடம், அதே பருவம், அப்படி ஒப்பிட்டால்தான் எண்ணுக்கு அர்த்தம்.

எவ்வளவு இருந்தால் நல்லது

பயிற்சி இல்லாதவர்களுக்கு முப்பது வயதுக்கு மேல் பத்து வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் குறையும். தொடர்ந்து உழைப்பவர்களுக்கு அந்தச் சரிவு பாதியளவுக்குக் குறையலாம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் அளவு, உடல் கொழுப்பு, இதயத்தின் அளவு காரணமாக அதே வயது ஆணை விட எண் குறைவாக இருக்கும். அது குறையல்ல. முதுமையில் யார் உதவியும் இல்லாமல் தன் வேலையைத் தானே பார்க்க, 15 முதல் 18 வரையாவது வேண்டும் என்று ஒரு கணிப்பு உண்டு. 50 வயதில் 25இல் இருப்பவர் 80 வயதில் எங்கே போய் நிற்பார் என்று போட்டுப் பாருங்கள்.

டாக்டர்கள் இதை ஏன் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இரண்டு ஆய்வுகள் போதும். 2002இல் வெளியான ஆய்வுக்காக அமெரிக்காவில் 6,213 ஆண்களை டிரெட்மில்லில் ஏற்றிப் பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொரு மெட் கூடும்போதும் பிழைத்திருக்கும் வாய்ப்பு 12 சதவீதம் கூடியிருந்தது. 2018இல் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் 1,22,007 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். தம் குறைந்திருப்பது, புகைபிடித்தலுக்கும் சர்க்கரை நோய்க்கும் சமமான அல்லது அதைவிடக் கூடிய ஆபத்தைக் காட்டியது. இவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, தம்மைக் கூட்டினால் ஆயுள் கூடியே தீரும் என்று நிரூபிப்பவை அல்ல. ஆனாலும் இந்த வகை ஆய்வுகளில் பொதுவாக ஒன்று தெரிகிறது: ஆக அடிமட்டத்தில் இருப்பவர் ஒரு படி மேலே வருவதில்தான் லாபம் அதிகம். 50ஐ 55 ஆக்குவதை விட 22ஐ 27 ஆக்குவது பெரிய விஷயம்.

எண் உயர்ந்தால் வெற்றி என்றும் இல்லை. நார்வே சைக்கிள் வீரர் ஆஸ்கர் ஸ்வென்ட்சனுக்கு 18 வயதில், 2012இல், 97.5 வந்தது. பதிவானவற்றில் ஆக உயர்ந்தது என்று சொல்லப்படும் எண். இரண்டு வருடத்தில் சைக்கிளையே விட்டுவிட்டார். 1969இல் 2 மணி 8 நிமிடம் 33 விநாடியில் மாரத்தான் ஓடிய டெரெக் கிளேட்டனுக்கு 69.7தான். ஒரே வேகத்துக்குக் குறைந்த ஆக்சிஜனைச் செலவழிக்கும் சிக்கனம் என்று ஒன்று இருக்கிறது. ஒருநாள் ஏற்காட்டுச் சாலையில் மூன்றாம் வளைவுக்கு மேல் நான் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் உட்கார்ந்திருந்தேன். தலையில் விறகுக் கட்டோடு ஒரு பாட்டி ஏறி வந்தார். "ஏஞ்சாமி, உக்காந்துட்டீங்க? இன்னும் மேல இருக்குதே" என்று நிற்காமலே கேட்டுவிட்டு, பக்கத்தில் வந்த பெண்ணோடு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். அவரை அளந்தால் எண் எவ்வளவு வருமோ தெரியாது. ஒவ்வோர் அடியிலும் அவர் வீணாக்கியது எதுவுமில்லை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

மூன்றாவது: மலைச்சாலையை ஆய்வகமாக்குவது

சேலத்துக்காரர்களுக்குக் கிடைத்த வசதி இது. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டருக்கும் மேல். சாலை தோராயமாக 100 மீட்டருக்கு 5, 6 மீட்டர் என்று ஏறுகிறது.

அந்தச் சரிவு என்ன செய்கிறது என்று பாருங்கள். நடைக்கான ஆக்சிஜன் செலவுக்கு ஒரு சூத்திரம் உண்டு. நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் நடக்கிறீர்களோ, அதை 0.1ஆல் பெருக்குங்கள். அதே வேகத்தை 1.8ஆலும் சரிவாலும் பெருக்கிக் கூட்டுங்கள். கூட 3.5 சேருங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 83 மீட்டர். சமதளத்தில் விடை 12க்குச் சற்றுக் கீழே, 3.4 மெட். அதே வேகத்தில் 6 சதவீத ஏற்றம் என்றால் கிட்டத்தட்ட 21, அதாவது 6 மெட். 10 சதவீதம் என்றால் 27. முழங்காலை இடித்துக்கொண்டு ஓடாமலே, வெறும் நடையில், உச்சத்துக்குப் பக்கத்தில் போய்விடலாம். என்னைப் போல 30இல் இருப்பவர் 21ஐச் செலவழிக்கும்போது எழுபது சதவீதத்தில் இருக்கிறார். மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

செய்ய வேண்டியது இதுதான். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை ஒரு துண்டை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே செருப்போ ஷூவோ போட்டு ஏறுங்கள். நேரத்தையும், முடிந்ததும் நாடியையும், ஒரு நிமிடம் கழித்து நாடியையும் நோட்டில் எழுதுங்கள். என் நோட்டில் ஜூலை மாதம் 12 நிமிடம் 40 விநாடி, நாடி 146. டிசம்பரில் 11 நிமிடம் 50 விநாடி, நாடி 138. இதில் கொஞ்சம் டிசம்பர் குளிரின் உபயம் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். சனி, ஞாயிறு என்றால் அதற்கும் முன்பே. வண்டிகள் உங்களைப் பார்க்கும்படி வளைவின் வெளிப்பக்கம் நடங்கள். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்குகள் பரிசோதனைக்கு மரியாதை தராது. மழைக்காலத்தில் மண் சரிந்த செய்தி வந்தால் அந்தப் பக்கமே போகாமல், வீட்டு மாடிப்படியில் ஏறுங்கள். இதய நோய் உள்ளவர்களிடமும் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டவர்களிடமும் செய்த ஓர் ஆய்வில், 60 படிகளை நிற்காமல் 45 விநாடிக்குள் ஏறியவர்களின் திறன் 9, 10 மெட்டுக்கு மேல் இருந்தது, ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு 8க்குக் கீழே.

'மலைக்காற்று தம்மைக் கூட்டும், அதனால் மேலே போய்ப் பயிற்சி செய்' என்று சிலர் சொல்வார்கள். ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 84 சதவீதம்தான், அதனால் அங்கே உச்ச அளவு சற்றுக் குறையவே செய்யும். வீரர்கள் தேடிப் போகும் உயரப் பயிற்சி 2,000 மீட்டருக்கு மேல், வாரக்கணக்கில் தங்கிச் செய்வது. ஏற்காட்டின் பயன் ஏற்றமும் குளிரும்தான்.

நான்காவது: கூட்டுவது

நெஞ்சு வலி, தலைச்சுற்றல், படபடப்பு உள்ளவர்கள், சர்க்கரையோ பிபியோ கட்டுக்குள் இல்லாதவர்கள் இந்தப் பகுதியை டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

முதல் இரண்டு மூன்று மாதம் வெறும் நடை. வாரத்தில் ஐந்து நாள், 30, 40 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில். கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையோ, வீட்டுத் தெருவோ, எங்கும் சரி. பலர் இதைத் தாண்டாமலே நல்ல பலன் காண்பார்கள்.

அப்புறம் வாரத்துக்கு ஒருநாள், பழகியபின் இரண்டு நாள், நார்வேக்காரர்களின் நாலுக்கு நாலு முறை. பத்து நிமிடம் மெதுவாக நடந்து உடலைச் சூடாக்கி, நாலு நிமிடம் கடுமையாக ஏறி, மூன்று நிமிடம் மெதுவாகத் திரும்பி இறங்க வேண்டும். இப்படி நாலு முறை. கடுமை என்றால் உச்ச நாடியில் 90 முதல் 95 சதவீதம். 208இல் வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் உத்தேச உச்ச நாடி கிடைக்கும். எனக்கு 172, ஆக 155 முதல் 163 வரை. நாடி அந்த இடத்துக்கு வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், முதல் நிமிடத்திலேயே துரத்தாதீர்கள். நாடியே பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. ஒன்றிரண்டு சொல் மட்டும் வெளியே வர வேண்டும், முழு வாக்கியம் வரக் கூடாது. 2007இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்கள் வாரம் மூன்று முறை எட்டு வாரம் இதைச் செய்து சராசரியாக 7 சதவீதத்துக்கு மேல் கூட்டினார்கள். நம் வயதுக்கு வாரம் மூன்று முறை அதிகம்.

முதல் நாள் உற்சாகத்தில் ஐந்து வளைவு ஏறிவிட்டு, 'இறங்குவதுதானே' என்று விறுவிறுவென இறங்கினேன். மறுநாள் தெரியவில்லை. அதற்கும் மறுநாள் கழிவறையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது, நார்கள் நைந்து வலிப்பது அதனால்தான். முதல் மாதம் ஏறிவிட்டு பஸ்ஸில் இறங்குவது ஒன்றும் அவமானமில்லை.

இரண்டு விஷயங்களைப் பயிற்சி சரிசெய்யாது. ஒன்று ரத்தசோகை. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். அளவு 15 (100 மி.லி. ரத்தத்தில் 15 கிராம்) இருப்பவரின் ஒரு லிட்டர் ரத்தம் 200 மி.லி. சுமந்தால், 9 இருப்பவருடையது 120தான் சுமக்கும். நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. வீட்டில் யாராவது மாடிப்படிக்கே இளைத்தால், "நடந்தா சரியாப் போயிடும்" என்று உபதேசம் செய்வதற்கு முன் ரத்தப் பரிசோதனை எடுங்கள்.

இன்னொன்று எடை. என் 31.9ஐ 74ஆல் பெருக்கினால் மொத்தம் 2,360 மி.லி. சாயந்திரத் தட்டுவடை செட்டை விட்டு நாலு கிலோ குறைந்தால், இதயம் துளியும் மாறாமலே எண் 33.7 ஆகிவிடும். மலை ஏற அது நிஜமாகவே உதவும், ஆனால் இதயம் பலப்பட்டதாக அர்த்தமில்லை. இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள்.

சேர்த்ததை இழப்பது எளிது. 1966இல் டல்லாஸில் 20 வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தினார்கள். விஓ2 மேக்ஸ் கால்வாசிக்கு மேல் சரிந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை அளந்தபோது, முப்பது வருட முதுமை செய்த சேதத்தை விட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் பெரிதாக இருந்தது. டைபாய்டோ டெங்குவோ வந்து எழுந்தவர்கள் பழைய இடத்திலிருந்து தொடங்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். பாதி தூரம், பாதி வேகம், மூன்று வாரம்.

நான் பீரோவைத் திறந்து அந்த ஃபைலின் கடைசிப் பக்கத்தில் '29.4, கம்பியைப் பிடித்து' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த டிஎம்டி இந்த மார்ச்சில். இந்த முறை கம்பியைத் தொடுவதாக இல்லை. எண் குறைந்துதான் வரும் என்று மச்சினனிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.